முட்டிவலிக்கு ரத்தப் பரிசோதனை உண்டா?

மூட்டுத் தேய்மானம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

உலகில் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ 59 கோடியே 50 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. 2050-க்குள் இது 100 கோடியை நெருங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இதில் முழங்காலுக்குத்தான் பெரும் பங்கு. இவ்வளவு பேரை முடக்கும் நோயை முன்கூட்டியே காட்ட ஒரு ரத்தப் பரிசோதனை வராதா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிவருகிறார்கள். அந்தத் தேடலில் அடிக்கடி அடிபடும் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. 2024-இல் மருத்துவ நோபல் பரிசு இதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த பிறகு ஆர்வமும் கூடியது, குழப்பமும் கூடியது. பலரும் கேட்கும் சந்தேகங்களை எடுத்துக்கொண்டு, ஆய்வுகள் எதுவரை வந்திருக்கின்றன, எங்கே நிற்கின்றன என்று பார்ப்போம்.

முட்டிவலி என்று போனால் இப்போதே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்களே. அது தேய்மானத்தைக் கண்டுபிடிக்கத்தானே?

இல்லை. அது வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. யூரிக் அமிலம் பார்ப்பது கவுட் வாதத்துக்காக. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. பார்ப்பது முடக்குவாதத்துக்காக. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை. வெறும் தேய்மானம் மட்டும் உள்ளவருக்கு இவையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் வலி உயிர் போகிறது” என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் வலி கற்பனை இல்லை. அதைக் காட்டும் பரிசோதனை அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

வயது 45 அல்லது அதற்கு மேல் இருந்து, நடந்தால், மாடி ஏறினால் வலித்து, காலையில் எழும்போது உள்ள விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால், எக்ஸ்-ரேகூட இல்லாமல் மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல். நோயாளி சொல்வதைக் கேட்டு, முட்டியைக் கையால் தொட்டு மடக்கிப் பார்க்கும் மருத்துவர்தான் இன்றைக்கும் முதல் பரிசோதனை.

அப்படியானால் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எதற்கு? எக்ஸ்-ரே போதாதா?

எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு தெரியாது. தெரிவது இரண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள இடைவெளி. அது குறுகியிருந்தால் நடுவில் இருந்தது தேய்ந்துவிட்டது என்று ஊகிக்கிறோம். கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் 1957-இல் வகுத்த பூஜ்யம் முதல் நான்கு வரையிலான படிநிலையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அந்த இடைவெளி குறையும் நேரத்தில் செல்களுக்குள் தகராறு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பையே காட்டும். ஆனால் வலியோடு வரும் எல்லோருக்கும் அதை எடுப்பது செலவு, பெரும்பாலும் தேவையும் இல்லை.

இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரே வயது, ஒரே எடை, ஒரே மாதிரி எக்ஸ்-ரே உள்ள இரண்டு பெண்களில் ஒருவர் இருபது ஆண்டுகள் சமாளித்துவிடுகிறார், இன்னொருவருக்கு நான்கே ஆண்டுகளில் மூட்டு மாற்று அறுவை தேவைப்படுகிறது. யார் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் கருவி இல்லை. மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். ஒரு மருந்து தேய்மானத்தைத் தடுக்கிறதா என்று அறிய, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மாற்றத்துக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தேய்மானமே வேகமாக நடக்காதவர்கள் ஆய்வில் நிறைய இருந்தால், நல்ல மருந்தும் தோற்றதுபோலத் தெரியும். தேய்மானத்தைத் தடுத்து நிறுத்தும் மருந்து என்று அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இதுவரை ஒன்றுகூட அனுமதி பெறாததற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தக் குறியீடுகளுக்கான தேவை முதலில் இங்கேதான் இருக்கிறது.

குருத்தெலும்பு செல்களின் ஆரோக்கியம் என்கிறார்களே, அது என்ன? தேய்ந்தது மறுபடியும் வளராதா?

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் செல்கள் மிகச் சொற்பம், மொத்தக் கனஅளவில் சுமார் இரண்டு சதவீதம். மீதியெல்லாம் அந்தச் செல்கள் தங்களைச் சுற்றிக் கட்டிவைத்த பொருள்: கொலாஜன் இழைகள், அவற்றுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு, பிறகு தண்ணீர். ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தனக்கான சிறு குழிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கான உணவு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விடுபடும் அசைவு அந்தப் பரிமாற்றத்துக்கு உதவுகிறது.

கொலாஜன் புதிதாக உருவாகிறதா என்பதற்கு டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அருமையான ஒரு சோதனை செய்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றுமண்டலத்தில் கார்பன்-14 திடீரென்று ஏறி, பிறகு மெல்லக் குறைந்தது. அந்தக் காலத்தில் உருவான திசுக்களில் அதன் தடம் இருக்கும். முழங்கால் குருத்தெலும்பை எடுத்து அந்தத் தடத்தைத் தேடினார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: பெரியவர்களின் குருத்தெலும்பில் உள்ள கொலாஜன், அவர்கள் வளர்ந்து முடிக்கும் வயதில் உருவானது. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்பட்டதாகத் தெரியவில்லை, தேய்மானம் வந்த முழங்கால்களிலும்கூட. எழுபது வயதில் உங்கள் முட்டியில் இருப்பது உங்கள் இளமையில் நெய்த அதே இழை.

ஆகவே தேய்ந்த குருத்தெலும்பைப் பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஆதாரம் கேளுங்கள். இழையை மாற்ற முடியாது என்றாலும் அதைக் காக்கிற செல்களைக் காப்பாற்ற முடியும். ஆரோக்கியமான செல், அக்ரிகானை அளவாகச் செய்து, பழையதை அளவாக அகற்றி, சமநிலையில் வைத்திருக்கும். அடிபட்டாலோ, வயதானாலோ, மூட்டில் அழற்சி நீடித்தாலோ அதே செல் மனம் மாறியதுபோல நடந்துகொள்கிறது. அக்ரிகானை வெட்டும் ஏடம்ட்ஸ்-5, கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி-13 ஆகிய நொதிகளைச் சுரக்கத் தொடங்குகிறது. சில செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு, சாகாமலும் வேலை செய்யாமலும் அழற்சிப் பொருள்களை மட்டும் கசியவிட்டுக்கொண்டிருக்கும். டயர் தேய்வதைப் போலத்தான் முட்டி தேய்கிறது என்ற எண்ணம் பாதி உண்மைதான். உள்ளிருந்தே அரிக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் என்ன? அதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

மரபணுக்கள் பலவும் புரதங்களுக்கான குறிப்புகள். செல் அந்தக் குறிப்பைப் படியெடுத்து, அந்தப் படியை வைத்துப் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளமே உள்ள துணுக்கு. இது போய் அந்தப் படியின் மேல் ஒட்டிக்கொண்டால் புரதம் உருவாவது குறைந்துவிடும். வாய்க்கால் மடையை முழுதாக அடைக்காமல் கொஞ்சம் இறக்கிவைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நிர்ணயிப்பதுபோல இது வேலை செய்கிறது.

அந்த நோபல் பரிசைப் பெற்ற விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றில் இதைக் கண்டார்கள். புழுவின் விசித்திரம் என்று அப்போது பெரும்பாலோர் ஒதுக்கிவிட்டார்கள். 2000-இல் ருவ்கன் குழு லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டது. அது மனிதன் உட்பட எத்தனையோ உயிர்களில் மாறாமல் இருப்பது தெரிந்ததும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. மனித உடலில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவற்றை ‘மிர்’ என்ற முன்னொட்டும் எண்ணும் கொடுத்து அழைக்கிறார்கள்.

முட்டியைப் பொறுத்தவரை முதலில் அறிய வேண்டியது மிர்-140. குருத்தெலும்புச் செல்களில் இது மிக அதிகம். தேய்மானம் வந்த குருத்தெலும்பில் குறைந்துவிடுகிறது. குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா? ஆராய்ச்சியாளர் ஹிரோஷி அசஹாராவின் குழுவினர் இதை எலிகளில் பிரித்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். மிர்-140 இல்லாமல் பிறந்த எலிகளுக்கு வயது ஏற ஏற, மனிதர்களுக்கு வருவதைப் போன்ற தேய்மானம் முன்கூட்டியே வந்தது. மிர்-140 கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய எலிகளில், செயற்கையாக மூட்டு அழற்சியைத் தூண்டியபோதும் குருத்தெலும்பு ஓரளவு தப்பித்தது. அக்ரிகானை வெட்டும் ஏடம்ட்ஸ்-5 நொதியின் மடையை இறக்கிவைப்பது இதுதான் என்பது அப்போது தெளிவானது. மனிதர்களிலும் சான்று உண்டு. மிர்-140-இல் ஒரே ஓர் எழுத்து மாறியதால் பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் கோளாறு ஏற்பட்ட குடும்பங்களைப் பற்றி 2019-இல் ஆய்வு வெளிவந்தது.

எதிர்ப்பக்கம் நிற்பவையும் உண்டு. மிர்-34ஏ, மிர்-181ஏ இரண்டும் கூடும்போது குருத்தெலும்புச் செல்களுக்குக் கேடு என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன.

குருத்தெலும்பில் ரத்தக் குழாயே இல்லை என்கிறீர்கள். பிறகு அதன் செய்தி கையில் எடுக்கும் ரத்தத்தில் எப்படி இருக்கும்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆய்வாளர்களையே இன்னும் படுத்துகிற கேள்வியும் இதுதான்.

செல்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சிறு கொழுப்புக் குமிழிகளில் அடைத்தோ, ஆர்கனாட் என்ற புரதத்தோடு பிணைத்தோ வெளியே விடுகின்றன. சாதாரண ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சில நொடிகளில் சிதைந்துவிடும். இந்தப் பாதுகாப்பு இருப்பதால் மைக்ரோ ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறது. 2008-இல் புற்றுநோய் ஆய்வுகளில் இது தெரியவந்தபோதுதான், ரத்தத்தை வைத்து நோய் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனைக்கே உயிர் வந்தது. முட்டியில் குருத்தெலும்புச் செல் விடுவது மூட்டுத் திரவத்தில் கலந்து, ரத்தக் குழாய்கள் நிறைந்த மூட்டின் உட்சவ்வு வழியாக ரத்தத்துக்கு வர முடியும்.

வர முடியும் என்பதோடு கதை முடியவில்லை. இரண்டு முட்டிகளிலும் உள்ள குருத்தெலும்பைச் சேர்த்தாலும் உடலோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ரத்தச் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், ரத்தக் குழாய்களின் உட்சுவர், கல்லீரல் எல்லாம் அதே ரத்தத்தில் தங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொட்டுகின்றன. 2025-இல் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு மருத்துவ நிறுவனத்தினர் மிர்-126 முழங்கால் தேய்மானத்தில் ரத்தத்தில் கூடுவதைக் காட்டினார்கள். மூட்டுக்குள் அது எங்கிருந்து வருகிறது என்றும் தேடினார்கள். குருத்தெலும்பைவிட அதன் அடியில் உள்ள எலும்பிலும், முட்டிக்குள் உள்ள கொழுப்பிலும், உட்சவ்விலும்தான் அது அதிகம் இருந்தது. ஆகவே ரத்தத்தில் ஒரு குறியீடு மாறினால் குருத்தெலும்புச் செல்தான் பேசுகிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மூட்டு முழுவதும் சேர்ந்து பேசுகிறது. தேய்மானம் மூட்டு முழுவதற்குமான நோய் என்பதால் அதிலும் பயன் உண்டு. ஆனால் ‘குருத்தெலும்பு ஆரோக்கியப் பரிசோதனை’ என்று அதற்குப் பெயர் வைத்தால் தவறு.

இதுவரை மனிதர்களின் ரத்தத்தில் என்னதான் கண்டார்கள்?

எனக்கு முக்கியமாகப் படுவது வட இத்தாலியின் புருனெக் ஊரில் நடந்த ஆய்வு. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒரே நாளில் ஒப்பிடுவது எளிது. இவர்கள் கடினமான வழியை எடுத்தார்கள். 816 பேரின் ரத்தத்தைச் சேமித்து, 15 ஆண்டுகள் காத்திருந்து, யாருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை வரை போனது என்று பார்த்தார்கள். 67 பேருக்குப் போனது. தொடக்கத்திலேயே லெட்-7இ குறைவாக இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று 2015-இல் வெளியிட்டார்கள். நோய் முற்றுவதற்கு முன்பே ரத்தத்தில் ஒரு சாயல் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் தனி ஒருவருக்கு “உனக்கு வரும், உனக்கு வராது” என்று சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதில்லை.

கிரேக்க ஆய்வாளர்கள் 2017-இல் மிர்-140 உட்பட மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் நோயாளிகளின் ரத்தத்தில் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று மிர்-671. கனடாவின் டொரன்டோ குழு 2020-இல், தொடக்கநிலைத் தேய்மானம் உள்ளவர்களையும் முற்றிய நிலையில் உள்ளவர்களையும் பிரித்து, ரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அனைத்தின் எழுத்து வரிசையையும் படித்துப் பார்த்தது. தொடக்கநிலையில் கூடும் சிலவற்றின் பட்டியலைத் தந்தது. அதிலும் மிர்-671 இருக்கிறது, ஆனால் கூடியவற்றின் வரிசையில். ஒப்பிட்ட குழுக்கள் வேறு, அளந்த முறை வேறு என்பதால் இதை நேர் முரண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வாசகர் இரண்டு தலைப்புச் செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தால் குழம்பத்தான் செய்வார்.

இன்னொன்று: இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் நடந்தவை. இந்தியாவில் நகரமும் கிராமமும் சேர்த்து நடந்த ஓர் ஆய்வில், பார்த்தவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்ததாக 2016-இல் வெளியானது. இங்கே பெண்களின் வேலைச்சுமை வேறு, தரையில் உட்கார்ந்து எழும் வழக்கம் வேறு, சர்க்கரை நோயின் பரவல் வேறு. வெளிநாட்டில் வகுத்த அளவுகோலை அப்படியே நம்மவர் ரத்தத்தின்மேல் வைக்க முடியாது. நம் மருத்துவக் கல்லூரிகள் இதற்கான ரத்த மாதிரி வங்கிகளை இப்போதே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதினைந்து ஆண்டு காத்திருக்கும் ஆய்வை யாராவது இன்று தொடங்கினால்தான் பதினைந்து ஆண்டு கழித்து விடை கிடைக்கும்.

ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொன்று சொல்வது ஏன்? ரத்தம் ரத்தம்தானே?

ரத்தம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் அருகில் பாருங்கள். கையில் ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கிவைத்திருக்கிறார்கள். ரத்த நாளம் கிடைக்கவில்லை என்று மெல்லிய ஊசியால் வேகமாக இழுக்கிறார்கள். டியூபை மெதுவாகத் திருப்பாமல் குலுக்கிவிடுகிறார்கள். சிவப்பணுக்கள் சில உடைந்துவிடுகின்றன. மேலே தெளிந்து நிற்க வேண்டிய வைக்கோல் நிறத் திரவம் லேசாக இளஞ்சிவப்பாகிவிடும். சில சமயம் கண்ணுக்கு அந்த நிறம்கூடத் தெரியாது. சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் நிறைந்திருப்பதால் அவற்றின் அளவு எகிறிவிடும். உங்கள் முட்டியைப் பற்றிய எண் என்று நாம் படிப்பது, உண்மையில் ரத்தம் எடுத்தவரின் கை வேகத்தைப் பற்றிய எண்ணாக ஆகிவிடும்.

அடுத்து, டியூபுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பது. ஹெபாரின் உள்ள டியூப் என்றால் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். சோதனையே தடுமாறும். ஈ.டி.டி.ஏ. டியூப் என்றால் பரவாயில்லை. உறைய வைத்துப் பிரித்த சீரத்தில் கிடைக்கும் அளவும், உறையாமல் பிரித்த பிளாஸ்மாவில் கிடைக்கும் அளவும் ஒன்றல்ல, ஏனென்றால் உறையும்போது தட்டணுக்கள் தங்கள் சரக்கை வெளியே விடுகின்றன. ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்துச் சுழற்றினார்கள் என்பதும் அளவை மாற்றும்.

கடைசியில் அளவிடும்போது எதை வைத்து ஒப்பிடுவது? ஹீமோகுளோபினை அளக்க உலகம் முழுக்க ஏற்ற அளவுகோல் இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. சிலர் புழுவின் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்றைத் தெரிந்த அளவில் கலந்து, அதோடு ஒப்பிடுகிறார்கள். சிலர் ரத்தத்திலேயே மாறாமல் இருக்கும் என்று நம்பும் ஒன்றோடு ஒப்பிடுகிறார்கள். இதற்கெல்லாம் மேலே வயது, உடல் எடை, சர்க்கரை, புகைப்பழக்கம், சாப்பிடும் மாத்திரைகள் என்று ஒவ்வொன்றும் இந்த எண்களை அசைக்கும். தேய்மானம் வருபவர்களுக்கே இவை கூடுதலாக இருப்பதால், எது முட்டியால் வந்த மாற்றம், எது எடையால் வந்த மாற்றம் என்று பிரிப்பது பெரும்பாடு.

ஒரு சிகிச்சைக்குப் பிறகு மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவு மாறியது என்றால் குருத்தெலும்பு குணமாகிறது என்று அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தாலியின் சியனாவில், கனிமச் சேற்றுக் குளியல் எடுத்த முழங்கால் நோயாளிகளின் ரத்தத்தில் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைந்ததாக ஒரு சிறு முதற்கட்ட ஆய்வு சொன்னது. ஆய்வு செய்தவர்களே முதற்கட்டம் என்றுதான் சொன்னார்கள். வெந்நீரும் ஓய்வும் வலியைக் குறைத்திருக்கலாம், அழற்சியைத் தணித்திருக்கலாம். குருத்தெலும்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது காப்பாற்றப்பட்டதா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லாது.

ஆய்வகத் தட்டில் குருத்தெலும்புச் செல்லை வளர்த்து, அதில் ஒரு மூலிகைச் சாற்றை ஊற்றி, மிர்-140 கூடியது என்று காட்டும் செய்திகளும் வரும். அந்தச் செல் முட்டிக்குள் அழுத்தத்தில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வாழ்வது. தட்டையான தட்டில் பரப்பி வளர்த்தால் சில வாரங்களில் தன் உருண்டை வடிவத்தையே இழந்து, குருத்தெலும்புக்குரிய கொலாஜனை விட்டுவிட்டு வேறு வகைக் கொலாஜனைச் செய்யத் தொடங்கிவிடும். தட்டில் கிடைத்த பலன் முட்டியில் கிடைக்கும் என்பதற்கு இன்னும் பல படிகள் ஏற வேண்டும்.

இதையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

முயல்கிறார்கள். மிர்-181ஏ, மிர்-34ஏ இரண்டையும் தடுக்கும் எதிர்த் துணுக்குகளை எலிகளின் முட்டிக்குள் ஊசியாகப் போட்டபோது தேய்மானம் குறைந்ததாக டொரன்டோ குழு காட்டியிருக்கிறது. மனிதர்களுக்கு வருமுன் ஓர் எச்சரிக்கையை மறக்கக் கூடாது. இதே மிர்-34ஏ-வைப் போலச் செய்த ஒரு மருந்தைப் புற்றுநோயாளிகளுக்கு ரத்த நாளம் வழியாகக் கொடுத்த சோதனை, கடுமையான எதிர்ப்புச் சக்திப் பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும். முட்டிக்குள் மட்டும் போட்டு, அங்கேயே தங்கவைப்பது பாதுகாப்பான வழியாக இருக்கலாம். அதற்கான வேலைதான் நடக்கிறது.

எங்காவது லேபில் இப்போது இந்தப் பரிசோதனை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முழங்கால் தேய்மானத்துக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனையை எந்த முக்கிய மருத்துவ வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை. ரிப்போர்ட்டில் ஓர் எண் வரும், பக்கத்தில் ‘நார்மல் அளவு’ என்று ஒன்றை அச்சிட்டிருப்பார்கள். அந்த நார்மல் யாரிடம், எத்தனை பேரிடம், எந்த டியூபில் எடுத்து வகுத்தது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். நல்ல எண் வந்தால் நடைப்பயிற்சியை விட்டுவிடுவார்கள், கெட்ட எண் வந்தால் பயந்துபோய்த் தேவையில்லாத ஊசிகளுக்குப் போவார்கள். இரண்டுமே முட்டிக்குக் கேடு. அந்தப் பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நான்கு முறை போய் வந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆய்வுக்காக, ஒப்புதல் படிவத்தோடு, கட்டணம் வாங்காமல் ஒரு மருத்துவக் கல்லூரி உங்கள் ரத்தத்தைக் கேட்டால் அது வேறு. தாராளமாகக் கொடுங்கள்.

அதுவரை செல்களைக் காக்க நான் என்ன செய்வது? நடந்தால் இன்னும் தேயாதா?

இந்தப் பயத்தால் நடப்பதை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். சுமை வந்து போனால்தான் செல்லுக்கு உணவு கிடைக்கும். முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் அசைக்க முடியாதவர்களின் முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் இருந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் அது 13.3 சதவீதம். அளவு முக்கியம்.

தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்துங்கள். நாற்காலியில் கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவதையே பயிற்சியாகச் செய்யலாம். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறையும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், சுமார் 5 கிலோ குறைத்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. நெடுநேரம் குந்தி உட்கார்ந்து வேலை செய்வதைக் குறைப்பது நல்லது. அந்தப் பழக்கத்துக்கும் தேய்மானத்துக்கும் தொடர்பு இருப்பதைப் பெய்ஜிங் முதியவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்தது, வலியிலும் வித்தியாசம் இல்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. வலி தாங்காத நேரத்தில் ஒருமுறை போடுவது வேறு, வாடிக்கையாகப் போடுவது வேறு.

இந்தப் பரிசோதனை எப்போதாவது வந்தால் யாருக்கு முதலில் பயன்படும்?

ஏற்கெனவே முட்டி வளைந்துபோன முதியவருக்கு இதனால் பெரிய பயன் இருக்காது. அவர் நோய் கண்ணுக்கே தெரிகிறது. பயன்படப்போவது இருபது வயதுக்காரர்களுக்கு. கபடியிலோ கால்பந்திலோ பைக் விபத்திலோ முழங்காலின் முன் தசைநார் அறுந்தவர்களில், முட்டிக்குள் மெத்தைபோல் உள்ள மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில், பத்து முதல் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தேய்மானம் வருகிறது. அதாவது முப்பது, நாற்பது வயதிலேயே. அந்தப் பாதி யார் என்று அடிபட்ட சில மாதங்களில் தெரிந்தால், அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்கலாம், தடுக்கும் மருந்துகளை அவர்களிடம் சோதிக்கலாம்.

இது முடியாத காரியம் என்று நினைக்க வேண்டியதில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாமல் ரத்தப் புரதங்களை மட்டும் வைத்து, எக்ஸ்-ரேயில் தெரிவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே முழங்கால் தேய்மானத்தின் அடையாளத்தைக் காண முடிந்ததாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2024-இல் அறிவித்தது. பிரிட்டனைச் சேர்ந்த 200 பெண்களின் சேமித்த ரத்தத்தில் அதைப் பார்த்தார்கள். புரதங்களையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு கூர்மையாகலாம். அதற்கு, தசைநார் அறுந்து அறுவைக்கு வரும் இளைஞர்களின் ரத்தத்தை ஒரே மாதிரி டியூபில், ஒரே நேரக் கணக்கில் எடுத்துக் கடுங்குளிரில் சேமித்து, அவர்களைப் பத்து ஆண்டுகளுக்குக் கைவிடாமல் தொடர்ந்து பார்க்க வேண்டும். விளையாட்டுக் காய அறுவைகள் நாள்தோறும் நடக்கும் நம் மருத்துவமனைகளில் இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.